பழைய டிராக்டரில் ஆயில் சீலும் கிளட்சும் மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்கத்தான் வேண்டுமா?

பெர்கின்ஸ் 3 சிலிண்டர் என்ஜின் உள்ள மாஸி ஃபெர்குசன் 35-இல் கிளட்ச் வழுக்குகிறது, பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் ஆயில் சொட்டுகிறது என்கிறீர்கள். பிரித்தே ஆக வேண்டும். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. என்ஜினும் கியர்பாக்ஸும் போல்ட்டில் இணைந்து, அவையே முதுகெலும்பாக நிற்கின்றன.

முதலில் முன் அச்சு. அது நடுவில் ஒரே பின்னில் ஆடுவது. இருபுறமும் மர ஆப்பு அடித்து இறுக்காமல் பிரித்தால் என்ஜின் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். உயிர் போகிற விஷயம், ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். கியர்பாக்ஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்ட் வையுங்கள்.

சரி, பிரித்தாயிற்று. ஃப்ளைவீலைக் (என்ஜினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்) கழற்றினால் பின்னால் கயிறு சீல் தெரியும், என்ஜின் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் கயிறு வடிவ அடைப்பு அது. புதியதை ஆயிலில் ஊறவைத்து, பள்ளத்தில் உருண்டையான தண்டால் அழுத்திப் பதியுங்கள். இரு நுனிகளும் மயிரிழை அளவு வெளியே நிற்கட்டும். மட்டமாக அறுத்தால் இணைப்பில் கசியும். கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) சீலையும் கையோடு மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்ட கிளட்ச் பிளேட்டைக் கழுவிப் போடுவது வீண்.

சேர்க்கும்போது கிளட்ச் பிளேட்டை அலைன்மென்ட் ஷாஃப்ட் (நடுத்துளையில் செருகி நேர்படுத்தும் தண்டு) வைத்து மையப்படுத்துங்கள். இரண்டு பாதியும் கைத்தள்ளலில் ஒட்ட வேண்டும். இடைவெளி நின்றால் ஃப்ளைவீலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். போல்ட்டால் இழுத்தால் போல்ட் மாட்டும் வார்ப்பிரும்புக் காது உடையும், பிளேட்டின் ஹப் (நடுப்பகுதி) வளையும்.