பதில்: பழைய விடுதியில் மின்செலவைக் குறைத்தல்

வணக்கம் ஐயா. வேலூர் காந்தி சாலையில் நாற்பது அறைகள் கொண்ட உங்கள் பழைய விடுதியின் மின்கட்டணத்தைக் குறைக்க அரசுத் திட்டம் உண்டா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டடங்கள் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கான மத்திய அரசின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு (ECBC), 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புச் சுமையுள்ள (பொருத்திய மின்சாதனங்களின் மொத்தத் திறன்) புதிய வணிகக் கட்டடங்களை முன்னிட்டு எழுதப்பட்டது. உங்களை அது கட்டாயப்படுத்தாது. ஆயினும் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் பணிகளைத் தமிழகத்தில் கவனிக்கும் மின் ஆய்வுத் துறையை அணுகி, மின்சாரம் எங்கே வீணாகிறது என்று ஆய்ந்து சொல்லும், சான்று பெற்ற ஆற்றல் தணிக்கையாளரைப் பற்றிக் கேளுங்கள்.

என் கருத்தில் மின்விசிறியே முதற்படி. 75 வாட் விசிறிகளுக்குப் பதிலாக 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) விசிறிகளைப் பொருத்தினால், நாற்பது விசிறிகள் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுழலும்போது 27 யூனிட் மிச்சமாகும்; வேலூர் மருத்துவமனைக்கு நோயாளிகளுடன் வந்து உங்கள் விடுதியில் வாரக்கணக்கில் தங்குவோர் விசிறியை நிறுத்துவதில்லை என்பதால் இது மிகையான கணக்கன்று. அடுத்து, மாடியில் வெயில் தாங்கும் வெள்ளைப் பூச்சும் சூரிய வெந்நீர்க் கலனும் அமையுங்கள்.