பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கங்கள், வாள்கள் சேகரிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் பதினோரு வருடமாக ஜெர்மனியின் வுப்பர்டாலில் இருக்கிறேன். வாளுக்குப் பேர்போன சோலிங்கன் பக்கத்து ஊர்தான், ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தைகளுக்குப் போவது எனக்குப் பழக்கம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இப்போதைக்கு வாளைத் தொடாதீர்கள். 1914-ம் வருடத்து இரும்புச் சிலுவைப் பதக்கம், இரண்டாம் வகுப்பு, ஒன்றே ஒன்றை வாங்குங்கள். "போலி என்றால் பணம் வாபஸ்" என்று எழுதித் தருகிற வியாபாரியிடம் வாங்குங்கள். அப்புறம் ஒரு மாதம் வேறு எதையும் வாங்காமல் அதை மட்டும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ஏன் அது என்றால், முதல் உலகப்போரில் அது ஐம்பது லட்சம் பேருக்கு மேல் கொடுக்கப்பட்டது, அதனால் சுலபமாகக் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் செய்த விதம் அபாரம். நெப்போலியனை எதிர்த்துப் போர் தொடங்கிய 1813-ல், அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் பிரெஸ்லாவில் அறிவித்த விருது அது, வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஷின்கெல். கஜானா காலி, மக்கள் தங்க நகையைக் கொடுத்துவிட்டு இரும்பு நகை வாங்கிப் போட்டுக்கொண்ட நேரம், அதனால் விருதும் இரும்பு. பெரிய அதிகாரி, சாதாரண சிப்பாய் என்ற பேதம் இல்லாமல் யாருக்கும் கொடுக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். பிறகு 1870, 1914, 1939 என்று ஒவ்வொரு பெரிய போருக்கும் அதைப் புதுப்பித்தார்கள்.

சரி, கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் கறுப்பு பூசிய இரும்புத் தகடு, அதை முன்னும் பின்னுமாக இரண்டு வெள்ளிச் சட்டங்கள் பிடித்திருக்கும், விளிம்பில் சாலிடர் வைத்துச் சேர்த்திருப்பார்கள். பக்கவாட்டில் திருப்பினால் அந்த இணைப்புக் கோடு மயிரிழை மாதிரி சுற்றி ஓடுவது தெரியும். நடுத்தகடு காந்தத்தில் ஒட்டும், சட்டம் ஒட்டாது. மேலே ரிப்பன் கோக்கும் வளையத்தில் பெரும்பாலும் தயாரித்தவரின் முத்திரை, பொடி எழுத்தில் இருக்கும். இந்த மூன்றையும் கண்ணும் விரலும் பழகிவிட்டால் பாதிப் போலிகள் மேசையிலேயே நின்றுவிடும். நான் பழகாமல் போய்த்தான் ஒரு சந்தையில் முதல் வகுப்புச் சிலுவை என்று 180 யூரோ கொடுத்து ஒரு வார்ப்பை வாங்கினேன். மறு வாரம் அதே சந்தையில் ஒரு பெரியவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, "கோடு எங்கே?" என்று மட்டும் கேட்டார். கோடு இல்லை. விளிம்பு முழுக்க ஒரே உலோகம், அதில் ஊசி குத்தியது போலக் குழிகள், உருக்கி ஊற்றியபோது காற்றுக் குமிழ் விட்ட தடம். விற்றவர் அதற்குள் கடையைக் காலி செய்துவிட்டார். ரிப்பனுக்கும் ஒரு சோதனை உண்டு: இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் பளீரென்று நீலமாக மின்னக் கூடாது. துணியை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் பரவலானது. ரிப்பன் மட்டும் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம், அதனால் அதை வைத்தே பதக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

இதற்கு அடுத்தபடி தனிப் பதக்கத்தை விட, ஒருவர் சட்டையில் குத்தியிருந்த முழு வரிசையைத் தேடுங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, மூன்றே பதக்கம்: இரும்புச் சிலுவை, பவேரியா என்ற ஜெர்மன் அரசின் ராணுவத் தகுதிச் சிலுவை, கடைசியில் 1934-ல் அப்போதைய ஜெர்மன் அதிபர் ஹிண்டன்பர்க் முதல் உலகப்போர் வீரர்களுக்காக நிறுவிய கௌரவச் சிலுவை. பவேரியச் சிலுவை சிப்பாய்களுக்கும் கீழ்நிலை அலுவலர்களுக்கும் உரியது, ஆகவே இவர் பெரிய அதிகாரி இல்லை. கௌரவச் சிலுவையில் வாள்கள் இருப்பதால் போர்முனையில் நின்றவர். அது விண்ணப்பித்துத்தான் பெற வேண்டியது, ஆகவே போர் முடிந்து பதினாறு வருடம் கழித்தும் உயிரோடு இருந்து, மனுப் போட்டு வாங்கி, பழைய இரண்டோடு சேர்த்துத் தைத்துக் குத்தியிருக்கிறார். பின்பக்கத் துணியில் ஊசி துருப்பிடித்த கறை அப்படியே இருக்கிறது. யாராவது அதைப் பிரித்து மூன்றாக விற்றிருந்தால் இவ்வளவும் போயிருக்கும். வியாபாரிகள் பிரித்துத்தான் விற்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல்.

நம்மூர்க்காரர்கள் 'எம்டன்' என்று சொல்கிறோமே, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல், அதன் கேப்டன் முல்லருக்கும் இரும்புச் சிலுவை கொடுத்தார்கள். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல் அதை வீழ்த்தியது. எம்டனில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி டாலர்களில் ஒரு பகுதிக்கு மேலே கிரீடம் பொருத்தி, ஆஸ்திரேலியர்கள் நினைவுப் பதக்கமாக ஆக்கினார்கள்.

வாள், பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) பக்கம் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது அலகின் முதுகு. 98/05 என்ற முதல் உலகப்போர் பயனெட்டை எடுத்துக்கொண்டால், முனைப்பக்கம் அகன்று கசாப்புக் கத்தி மாதிரி இருக்கும், முதுகில் கிரீடம், அரசர் பெயரின் முதல் எழுத்து, 15 அல்லது 16 என்று வருடம் அடித்திருக்கும். பிரஷ்யா என்றால் W, பவேரியா என்றால் L. அடித்த எழுத்தின் ஓரத்தில் உலோகம் லேசாகப் பிதுங்கி, காலத்தில் தேய்ந்து மழுங்கியிருக்கும். லேசரில் புதிதாகப் போட்டது தட்டையாக, சுத்தமாக இருக்கும். சோலிங்கனின் கிரேஃப்ராட்டில் பழைய மடத்துக்குள் அலகு அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு நாள் முழுக்க அங்கே நில்லுங்கள். முடிந்தால் வுப்பர் ஆற்றங்கரையில் மிச்சமிருக்கும் சாணை பிடிக்கும் குடிசைகளுக்கும் போங்கள். கொல்லர் அடித்துக் கொடுப்பார், பதம் வைப்பவர் வேறு, சாணை பிடிப்பவர் வேறு, பிடியும் உறையும் சேர்த்து முடிப்பவர் வேறு என்று ஒரு வாள் எத்தனை கை மாறியது என்பது அங்கே போனால் புரியும்.

தயவுசெய்து எதையும் பாலிஷ் போடாதீர்கள். புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். நூறு வருடத்துக் கறுப்பைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம், திரும்ப வராது. சிவப்புத் துரு பரவினால் மட்டும் அமிலமில்லாத எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவுங்கள். தோல் உறைக்குள் வாளை நிரந்தரமாக வைக்காதீர்கள், ஈரம் கட்டும்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். ஜெர்மனியில் வாளும் பயனெட்டும் வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும், தெருவில் கொண்டுபோகும்போது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால், இந்திய ஆயுதச் சட்டத்தில் 9 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள வாளும் பயனெட்டும் வருகின்றன, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

1933 முதல் 1945 வரையிலான நாஜி காலப் பொருள்களை நான் வாங்குவதில்லை, அந்த கௌரவச் சிலுவையைத் தவிர. போலி மிக அதிகம் என்பது ஒரு காரணம். ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது இங்கே குற்றம், ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்குத்தான் விலக்கு. ஆனால் உண்மையான காரணம் வேறு. கௌரவச் சிலுவையோடு ஒரு சான்றிதழ் வரும். ஹிண்டன்பர்க் 1934 ஆகஸ்டில் இறந்த பிறகு வந்தவற்றில் "தலைவரும் சான்சலருமானவரின் பெயரால்", அதாவது ஹிட்லரின் பெயரால், என்று அச்சிட்டிருக்கும். அதே வாசகத்தோடு அதே காகிதம், போர்முனையில் நின்ற யூத சிப்பாய்களுக்கும் போனது. அடுத்த வருடமே நியூரம்பர்க் சட்டங்கள் அவர்களின் குடியுரிமையைப் பறித்தன.

போன குளிர்காலத்தில் ஒருவர் சந்தையில் அப்படி ஒரு கௌரவச் சிலுவையைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, கூட இருந்த சான்றிதழை வேண்டாம் என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் 2 யூரோ கொடுத்து எடுத்து வந்தேன். பெயர், தொழில், ஊர் எல்லாம் தட்டச்சில் இருக்கிறது, இரண்டு மடிப்பு, ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. அந்த மனிதரைப் பற்றி நகர ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.