மிளகாயும் காரம், சுண்ணாம்பும் காரமா? வேதியியல் சொற்கள் பற்றி ஒரு கேள்வி பதில்

இருபது வருடங்களுக்கு மேலாக மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். "கெமிஸ்ட்ரி எனக்கு வராது டீச்சர்" என்று சொல்லும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கணக்கு தடுக்குவதில்லை, சொல்தான் தடுக்குகிறது. ஒரே சொல் வீட்டில் ஒரு பொருளிலும் பாடத்தில் வேறு பொருளிலும் வரும்போது யாராவது பிரித்துச் சொல்ல வேண்டும். அடிப்படைச் சொற்களில் எது புரியவில்லையோ கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): டீச்சர், மிளகாயைக் காரம் என்கிறோம். புத்தகத்தில் காரம் என்றால் கசக்கும், வழவழப்பாக இருக்கும் என்று போட்டிருக்கிறது. மிளகாய் கசக்கவில்லையே?

பதில்: நல்ல கேள்விம்மா. மிளகாய் வேதியியல் காரம் இல்லை. அதன் எரிச்சலுக்குக் காரணம் கேப்சைசின் என்ற சேர்மம். அது நாக்கில் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது. அதனால்தான் சுடாத சட்னியும் "சுடுகிறது".

பாடத்தில் வரும் காரம் வேறு. அமிலத்தோடு வினைபுரிந்து உப்பும் நீரும் தருவது காரம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள். இந்தப் பொருளும் நம் வீட்டுக்குப் புதிதில்லை. அப்பளத்தில் போடும் அப்பளக்காரம், பொற்கொல்லர் பயன்படுத்தும் வெண்காரம், இலங்கையில் சோப்புக்குச் சொல்லும் சவர்க்காரம் எல்லாவற்றிலும் இருப்பது இந்தக் காரம்தான். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே குடும்பம்: கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் பெயரை மட்டும் நம்பிவிடாதே. படிகாரத்தின் பெயரிலும் காரம் இருக்கிறது, அதைத் தண்ணீரில் கரைத்தால் அந்தக் கரைசல் அமிலத்தன்மை காட்டும்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். "கசக்கும்" என்று புத்தகம் சொல்கிறதே என்று ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்காதே. சோடியம் ஹைட்ராக்சைடு சதையை அரித்துவிடும்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்): தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறேன். நாங்கள் மூலகம் என்பதை அவர்கள் தனிமம் என்கிறார்கள். எது சரியான சொல்?

பதில்: இரண்டும் சரி தம்பி. உங்கள் மூலகம் எங்கள் தனிமம், உங்கள் சேர்வை எங்கள் சேர்மம். ஒட்சிசன் இங்கே ஆக்சிஜன், காபன் இங்கே கார்பன், வலுவளவு இங்கே இணைதிறன், சமதானி இங்கே ஐசோடோப்பு. நீங்கள் ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்பவை எங்கள் புத்தகத்தில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம்.

இவை வெறும் பெயர் மாற்றங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். உண்மையில் குழப்பக்கூடிய சொல் மேலே பார்த்த அதே காரம்தான். அமிலத்துக்கு எதிரான முழு வகைக்கும் நீங்கள் மூலம் என்பீர்கள், அதில் நீரில் கரைபவற்றை மட்டும் காரம் என்பீர்கள். நாங்கள் முழு வகையையும் காரம் என்று சொல்லிவிட்டு, நீரில் கரைபவற்றை எரிகாரம் என்கிறோம். எனவே தமிழ்நாட்டு ஆசிரியர் "காரம்" என்றால் உங்கள் "மூலம்" என்று மனதில் மாற்றிக்கொள்ளுங்கள். பரீட்சையில் உங்கள் பாடநூல் சொல்லையே எழுதுங்கள்.

நவீன வேதியியல் தமிழில் அச்சேறியதில் யாழ்ப்பாணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், வேதியியல் நூல் ஒன்றையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1875-இல் வெளிவந்த அதன் பெயர் "கெமிஸ்தம்". நூற்றைம்பது வருடங்களாக இந்தச் சொற்களுக்காக மெனக்கெட்டவர்கள் கடலின் இரு கரையிலும் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவர்): சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. இழந்தால் மைனஸ்தானே வர வேண்டும்? ஏன் பிளஸ் அயனி?

பதில்: சுமை உள்ள அணுவைத்தான் அயனி என்கிறோம். இழந்தது எது என்று பார். எலக்ட்ரான் என்பதே மைனஸ் சுமை. அதைக் கடன் மாதிரி நினைத்துக்கொள். கடன் ஒன்று தொலைந்தால் உன் கணக்கு மேலேதானே போகும்?

எண்ணியும் பார்த்துவிடு. சோடியத்தில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான், இரண்டும் சரிக்குச் சரி. ஒரு எலக்ட்ரான் போனால் 11 பிளஸ், 10 மைனஸ். மிச்சம் ஒரு பிளஸ். குளோரின் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதால் 17 பிளஸ், 18 மைனஸ். மிச்சம் ஒரு மைனஸ். எந்த அயனியைக் கண்டாலும் முதலில் இரண்டையும் எண்ணு, அப்புறம் குறி போடு.

கேள்வி (அதே மாணவர்): குளோரினின் நிறை 35.5 என்று இருக்கிறது. அரை நியூட்ரான் எப்படி வரும்?

பதில்: வராது. ஓர் அணுவில் புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண், புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்தது நிறை எண். இரண்டும் முழு எண்களாகத்தான் இருக்கும். அட்டவணையில் நீ பார்த்த 35.5 சராசரி அணு நிறை. இயற்கையில் உள்ள குளோரின் அணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்றின் நிறை எண் 35, நான்கில் ஒன்றின் நிறை எண் 37. மூன்று 35-ஐயும் ஒரு 37-ஐயும் கூட்டி நான்கால் வகுத்துப் பார், 35.5 வரும். தனித்தனியாக எடுத்தால் 35.5 நிறை உள்ள குளோரின் அணு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி): கற்பூரம் குறைவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா?

பதில்: டப்பாவில் வைத்தபடியே குறைந்தால் இயற்பியல் மாற்றம். திண்மம் நேரே ஆவியாகிறது. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். ஆவியான பிறகும் அது கற்பூரம்தான், அதனால்தான் டப்பாவைத் திறந்ததும் வாசனை வருகிறது. தட்டில் வைத்துக் கொளுத்தினால் வேதியியல் மாற்றம். அங்கே கற்பூரம் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் கொஞ்சம் கரியாகவும் மாறிவிடுகிறது.

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவர்கள் பலர்): மோல் என்றால் என்ன? மூலக்கூறும் மோலும் ஒன்றா? ஏன் இவ்வளவு விநோதமான எண்?

பதில்: அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

மூலக்கூறு என்பது அணுக்கள் இணைந்த ஒரு துகள். மோல் ஓர் எண்ணிக்கை. பூவுக்கு முழம், முட்டைக்கு டஜன், வெற்றிலைக்குக் கவுளி இருப்பது போல, அணு, மூலக்கூறு, அயனி ஆகியவற்றை எண்ணும் கட்டு மோல். டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.022 × 10²³. வித்தியாசம் அவ்வளவுதான்.

எவ்வளவு பெரிய எண் என்று கேட்டால், உலகத்தில் உள்ள 800 கோடிப் பேரும் ஊண் உறக்கம் இல்லாமல் ஆளுக்கு நொடிக்கு ஒன்று வீதம் எண்ணினாலும் ஒரு மோலை எண்ணி முடிக்க ஏறக்குறைய 24 லட்சம் வருடங்கள் ஆகும். இத்தனை மூலக்கூறுகள் 18 கிராம் தண்ணீருக்குள், அதாவது மூன்றரைத் தேக்கரண்டிக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் முறை இந்தக் கணக்கைப் போட்ட அன்று நான் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, 18 கிராம் எங்கிருந்து வந்தது? ஒரு டஜன் நெல்லிக்காயையும் ஒரு டஜன் தேங்காயையும் எடு. எண்ணிக்கை ஒன்றுதான், எடை வேறு. ஒரு தேங்காய் ஒரு நெல்லிக்காயைப் போல் ஐம்பது மடங்கு கனமென்றால், தேங்காய் டஜனும் நெல்லிக்காய் டஜனைப் போல் ஐம்பது மடங்கு கனம். அணுக்களும் இப்படித்தான். ஒரு கார்பன் அணு ஒரு ஹைட்ரஜன் அணுவைப் போல் 12 மடங்கு கனம். எனவே 1 கிராம் ஹைட்ரஜனில் எத்தனை அணுக்களோ, 12 கிராம் கார்பனிலும் அத்தனை. அணு நிறையைக் கிராமில் நிறுத்தால் எந்தத் தனிமத்திலும் அதே எண்ணிக்கைதான் கிடைக்கும்: இரும்பானால் 56 கிராம், சோடியமானால் 23 கிராம். நீரில் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்; 2-உம் 16-உம் சேர்ந்து 18.

ஆக, மோல் என்பது நிறுத்துப் பார்த்தே எண்ணிவிடும் வழி. கையால் எண்ண முடியாததைத் தராசு எண்ணித் தருகிறது. எண் விநோதமாக இருப்பதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. கிராம் என்ற அளவை நாம் நம் வசதிக்கு வைத்துக்கொண்டோம், அணு அதைக் கேட்டுக்கொண்டு தன் எடையை அமைத்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள விகிதம்தான் அந்த எண். 2019 மே 20 முதல் மோலை 6.02214076 × 10²³ என்றே சரியாக வரையறுத்துவிட்டார்கள். இதை அவகாட்ரோ எண் என்கிறோம், ஆனால் அவகாட்ரோ இந்த எண்ணைக் கணக்கிட்டவர் இல்லை. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் சொன்னவர் அவர். அவருடைய பெயரை எண்ணுக்குச் சூட்டியவர் பிரெஞ்சு அறிவியலாளர் ஜான் பெரான், 1909-இல்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர்): ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் வரும் சமன்பாட்டில், நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டேன். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. ஆனாலும் மார்க் தரவில்லை.

பதில்: நீ எழுதியது நீர் இல்லை கண்ணு, ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் புண் கழுவ விற்பார்களே, அது. அடியில் இருக்கும் சின்ன எண் அந்தப் பொருளின் அடையாளம், அதில் கை வைத்தால் பொருளே மாறிவிடும். முன்னால் போடும் எண் எத்தனை மூலக்கூறு என்பதைச் சொல்கிறது, அதை மட்டும்தான் மாற்றலாம். இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறு. இப்போது எண்ணிப் பார்.

கேள்வி (பள்ளி முடித்துப் பல வருடம் ஆன ஒரு வாசகர்): சோடியத்துக்கு எஸ் போடாமல் ஏன் என்ஏ போடுகிறார்கள் என்று அன்று கேட்டதற்கு அடிதான் கிடைத்தது. இப்போதாவது சொல்லுங்கள்.

பதில்: அடி வாங்க வேண்டிய கேள்வியே இல்லை, வருத்தமாக இருக்கிறது. அணுக்களுக்கு எழுத்துகளால் குறியீடு போடும் முறையை ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ் 1813-ஐ ஒட்டி உருவாக்கினார். அன்றைய அறிஞர்களுக்குப் பொதுவான மொழி லத்தீன் என்பதால் லத்தீன் பெயர்களை எடுத்தார். சோடியம் நேட்ரியம், இரும்பு ஃபெர்ரம், தங்கம் ஆரம், ஈயம் பிளம்பம். ஈயக் குழாய் வேலை செய்தவர்களை வைத்து வந்த ஆங்கிலச் சொல்தான் பிளம்பர். எனக்குப் பிடித்தது பாதரசம். அதன் குறியீடான ஹெச்ஜி, ஹைட்ரார்ஜைரம் என்ற சொல்லிலிருந்து வந்தது. பொருள்: நீர் வெள்ளி. தரையில் உருளும் பாதரசத் துளியைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றாது. இப்படி ஆங்கிலப் பெயருக்கு ஒட்டாத குறியீடுகள் 118 தனிமங்களில் 11 மட்டும்தான்.

கேள்வி (ஒரு குடும்பத் தலைவி): கழிவறையில் கறை போக பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் சேர்த்து ஊற்றினால் நன்றாகப் போகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்க்களத்தில் ஆயுதமாகத் திறந்துவிட்ட வாயு அதுதான். சின்னக் குளியலறையில், கதவு மூடியிருந்தால், நுரையீரலைப் பாதிக்கக் கொஞ்சமே போதும். ஒரு நாள் ஒன்று, நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, வேறொரு நாள் மற்றொன்று. தெரியாமல் கலந்துவிட்டால் அதைச் சுத்தம் செய்ய நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சு முட்டினாலோ இருமல் நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி (அதே வாசகி): "கெமிக்கல் இல்லாத மஞ்சள்தூள்" வாங்குவது நல்லதா?

பதில்: கெமிக்கல் இல்லாத மஞ்சள்தூள் இருக்க முடியாது. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமினே ஒரு வேதிப்பொருள்தான், தண்ணீரும் அப்படித்தான். ஆனால் உங்கள் கவலை நியாயமானது. நிறம் கூட்டுவதற்காக மெட்டானில் மஞ்சள், லெட் குரோமேட் போன்றவற்றைக் கலப்பது உண்டு, அதில் லெட் என்பது ஈயம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எனவே கடையில் "கெமிக்கல் இருக்கிறதா" என்று கேட்காமல், "நிறம் சேர்த்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள். முடிந்தால் கிழங்கு வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மகளுக்குச் சொல்லித்தரும் ஓர் அம்மா): நான் வேதியியல் படித்ததே இல்லை. எங்கே தொடங்கட்டும்?

பதில்: அந்த மஞ்சள்தூளிலிருந்தே தொடங்குங்கள். ஒரு தேக்கரண்டித் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசி, நிழலில் காயவைத்து, பட்டை பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கும் இல்லையா? அதே வினைதான். காரம் பட்டால் தாள் செம்பழுப்பாகும், அமிலம் பட்டால் மஞ்சளாகவே இருக்கும். இப்படி நிறம் மாறிக் காட்டுவதை நிறங்காட்டி என்பார்கள்.

எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், தயிர்த் தெளிவு, சமையல் சோடா கரைத்த நீர், சோப்பு நீர், வெறும் தண்ணீர் ஆகியவற்றைச் சின்னக் கிண்ணங்களில் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்துத் தாள் பட்டையில் விடச் சொல்லுங்கள். தாளில் எது என்ன நிறமாகும் என்று சோதிப்பதற்கு முன்பே மகள் எழுதிவைக்கட்டும். கடைசியில் சிவந்த தாளின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீருக்கும் எலுமிச்சைக்கும் இந்தத் தாள் ஒரே நிறம்தான் காட்டும். அது ஏன் போதவில்லை, வேறு எந்தப் பூவின் சாறு இரண்டையும் பிரித்துக் காட்டும் என்று அவள் கேட்டால், வாசலில் செம்பருத்தி இருக்கிறதா என்று பாருங்கள்.