மானிட்டர் நேர் பின்னால் என்றால் 87சி

மேடையிலும் வீட்டுப் பதிவிலும் பாட ஷூர் பீட்டா 87ஏ வாங்கலாமா, 87சி வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். மானிட்டர் (பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) உங்கள் காலடியில், மைக்கின் வால் பக்கத்துக்கு நேராக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஷூர் பீட்டா 87சி வாங்குங்கள், 87ஏ வேண்டாம். இரண்டும் கண்டென்சர்தான் (மின்சாரம் தேவைப்படும், நுட்பமாகக் கேட்கும் வகை மைக்), வீட்டுப் பதிவுக்கு எது என்றாலும் போதும்.

நீங்கள் இரவல் வாங்கிய 87ஏ, மானிட்டர் ஒலியைத் திரும்பப் பிடித்து மேடையில் ஊளையிட்டதற்குப் பெரும்பாலும் திசைதான் காரணம். அது சூப்பர்கார்டியாய்டு, அதாவது முன்பக்கத்தைக் குறுகலாகக் கேட்கும் வகை. நேர் முன்பக்கத்திலிருந்து சுமார் 126 டிகிரியில், அதாவது பின்பக்கத்தின் இரு ஓரங்களில்தான் அதற்குக் காது மந்தம். நேர் பின்னால் வருவதைக் கொஞ்சம் கேட்டுவிடும். 87சி கார்டியாய்டு வகை, நேர் பின்பக்கம்தான் அதற்குச் செவிடு.

பணம் கொடுக்கும் முன் அதே 87ஏ-வை வைத்து, மானிட்டரை ஓர் ஓரமாக நகர்த்திப் பாடிப் பாருங்கள். ஊளை அடங்கினால் புது மைக்கே தேவைப்படாது. விரல்கள் வலைத்தலையைப் பொத்தக் கூடாது; பொத்தினால் எந்த மைக்கும் திசை மறந்துவிடும். (பொத்துகிறோம் என்று எந்தப் பாடகரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.)

மிக்சரிலும் ஆடியோ இன்டர்ஃபேஸிலும் ஃபேண்டம் பவர் (கேபிள் வழியே கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் வசதி) இருக்க வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ் முழங்கும் சிறு மேடை என்றால், கண்டென்சர் உங்கள் குரலோடு சிம்பலையும் அள்ளிக்கொள்ளும். அங்கே ஷூர் எஸ்எம்58 போன்ற, மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கே மேல்.