கேளுங்கள், பேசுவோம்: தழும்பு அக்காவுக்கு, ஞாபகம் எனக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மறதியைப் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். முதல் கடிதத்துக்கு நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: மேடம், நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. சின்ன வயதில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். சிரசு வரும் வழியில் தேங்காய் உடைத்தபோது ஒரு சில்லு தெறித்து என் நெற்றியில் பட்டது, அப்பா தோளில் கிடந்த துண்டாலேயே ரத்தத்தைத் துடைத்துவிட்டார். இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். இந்த வைகாசியில் குடும்பமே கூடியிருந்தபோது பேரப்பிள்ளைகளிடமும் சொன்னேன். அக்கா முடியை ஒதுக்கிப் புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பைக் காட்டி, “அது நான்டி, நீ அப்போ அம்மா இடுப்புல இருந்தே” என்றாள். என் நெற்றியில் எந்தத் தழும்பும் இல்லை. இப்போதெல்லாம் தெரிந்தவர்கள் பெயர்கூடச் சட்டென்று வாயில் வருவதில்லை. அப்பாவைப் பற்றி எனக்கு இருந்த நல்ல ஞாபகமே அது ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லையென்றால் நான் யார், மிச்சத்தில் எதை நம்புவது? — ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: டீச்சர், நீங்கள் பொய் சொல்லவில்லை, உங்கள் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதற்கும் இது அடையாளம் இல்லை. கூடப் பிறந்தவர்களுக்குள் ஒருவருக்கு நடந்ததை இன்னொருவர் தனக்கு நடந்ததாகவே வைத்துக்கொண்டிருப்பது எத்தனையோ வீடுகளில் உண்டு. 2001இல் நியூசிலாந்தில் இரட்டையர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஒரே சம்பவத்தை இருவரும் “எனக்குத்தான் நடந்தது” என்று சொன்னார்கள், இருவருமே மனதாரச் சொன்னார்கள். இரட்டையர் அல்லாத கூடப் பிறந்தவர்களிடமும், ஏன், நண்பர்களிடமும்கூட இது இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்றால், அக்காவுக்கு அடிபட்ட கதையை வீட்டில் திரும்பத் திரும்பப் பேசியிருப்பார்கள், கேட்ட குழந்தை மனதுக்குள் அதைப் படமாகப் போட்டுப் பார்த்திருக்கும், அந்தப் படத்தில் கூட்டம் இருக்கிறது, அப்பா தோள் இருக்கிறது, துண்டு இருக்கிறது, ஆனால் “இது கேட்டது, பார்த்தது இல்லை” என்கிற குறிப்பு மட்டும் வருஷங்கள் போகப் போக உதிர்ந்துவிடும். என்ன நடந்தது என்பதும் அது எங்கிருந்து நமக்கு வந்தது என்பதும் மூளையில் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, இரண்டாவதுதான் சீக்கிரம் தொலைகிறது.

ஞாபகம் என்பதைப் பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவை மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம், எப்போது எடுத்தாலும் அதே ஜரிகை, அதே மடிப்பு என்று. உண்மையில் ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் கையில் கிடைத்த நூலை வைத்து மறுபடி நெய்கிறோம். எலிசபெத் லோஃப்டஸ் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1974இல் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார். சிலரிடம் கார்கள் “மோதியபோது” என்ன வேகம் என்றும், சிலரிடம் “மோதி நொறுங்கியபோது” என்ன வேகம் என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், வெறுமனே மோதியது என்று கேட்டவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரே ஒரு சொல்லுக்கே அவ்வளவு பலம் என்றால், அம்மாவும் அத்தையும் சித்தியும் வருஷக்கணக்காகச் சொன்ன கதைக்கு எவ்வளவு இருக்கும்!

ரொம்ப அழுத்தமாக நினைவிருக்கிறதே, அது எப்படிப் பொய்யாகும் என்று தோன்றும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தி தங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மாணவர்களை எழுதச் சொன்னார் உல்ரிக் நெய்ஸர் என்கிற அமெரிக்க உளவியலாளர். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டதில் 11 பேர் சொன்னது எதுவுமே முன்பு எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் கைப்பட எழுதிய தாளையே காட்டிய பிறகும், இல்லை, இப்போது நான் சொல்வதுதான் சரி என்று நின்றவர்கள் உண்டு. ஞாபகம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை வைத்து அது எவ்வளவு உண்மை என்று சொல்லிவிட முடியாது.

இனி, “நான் யார்” என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, ஒருவருடைய நினைவு எதுவரை போகிறதோ அதுவரைதான் அவர் அதே ஆள் என்றார். இன்றும் பலரும் அப்படித்தான் நம்புகிறோம், அதனால்தான் ஒரு ஞாபகம் பொய்த்துப்போனால் காலடி மண் சரிவது போல இருக்கிறது. அவருக்கு 1785இல் தாமஸ் ரீட் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஒரு பதில் சொன்னார். தோட்டத்தில் பழம் திருடி அடிவாங்கிய ஒரு பையன் வளர்ந்து வீரனாகிறான், பிறகு தளபதியாகிறான். வீரனுக்கு அந்த அடி நினைவிருக்கிறது, தளபதிக்கு வீரனாகச் செய்தது நினைவிருக்கிறது, ஆனால் அடிவாங்கியது நினைவில்லை. அதற்காகத் தளபதி வேறு ஆள், அந்தப் பையன் வேறு ஆள் என்று சொல்ல முடியுமா? எனக்கு ரீட் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஒரு வயதில் நடை பழகியது நம் யாருக்கும் நினைவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறோம்.

அப்புறம், இந்த ஞாபகத்தில் எது பொய், எது பொய் இல்லை என்று பாருங்கள். நெற்றி மாறிவிட்டது, அவ்வளவுதான். பிள்ளைக்கு ரத்தம் வந்ததும் யோசிக்காமல் தோளில் கிடந்த துண்டை எடுத்தாரே, அந்த அப்பா மாறவில்லை. உங்களுக்கு அடிபட்டிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கதை உங்கள் மேல் அவ்வளவு சரியாகப் பொருந்தியது. நல்ல ஞாபகமே அது ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்காவை உட்காரவைத்து அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது அவரிடம் இருக்கும், அவர் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் நடந்தது உங்களிடம் இருக்கும். பேரப்பிள்ளைகளிடம் இனி அந்தக் கதையைச் சொல்லும்போது அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், தழும்பைத் தொட்டுப் பார்க்கட்டும்.

பெயர் சட்டென்று வராமல் சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது தானாக வந்து நிற்கிறதா? அது வயசுக்கு உண்டானது. சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்தால் பயம் இல்லை, சாவி எதற்கு என்பதே புரியாமல் போனால்தான் பார்க்க வேண்டும். தினமும் போகும் தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கைப்பழக்கமாக வைக்கும் ரசத்தில் எதற்குப் பிறகு எதைப் போடுவது என்று தடுமாறுவது, கடையில் சில்லறை எண்ண முடியாமல் போவது, கேட்டதையே பத்து நிமிஷத்துக்குள் மறுபடி கேட்பது, இப்படி ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மறதி என்று வந்தாலே மறதி நோய் என்று முடிவுகட்டவும் வேண்டாம், வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்கமின்மை, சில தூக்க மாத்திரைகளும் அலர்ஜி மாத்திரைகளும்கூட மறதியைக் கொண்டுவரும், இவையெல்லாம் கவனித்தால் சரியாகக்கூடியவை. ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காதையும் பரிசோதியுங்கள். காது சரியாகக் கேட்காதவருக்கு எதிரில் சொன்ன பெயரே உள்ளே போயிருக்காது, அதையும் மறதி என்றே எல்லோரும் சொல்வார்கள். ஞாபகசக்தி டானிக் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் 1975இல் கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தேன் என்று அடித்துச் சொல்கிறார். கோட்டைக் கோயிலுக்கு லிங்கம் வந்ததே 1981இல்தானே? ஏன் இப்படிக் கதைவிடுகிறார்? — ஒரு வாசகர், வேலூர்

பதில்: வருஷம் நீங்கள் சொன்னதுதான் சரி. நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் இருந்த கோட்டைக் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்தது 1981 மார்ச்சில். ஆனால் அவர் கதைவிடுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். வேலையில் சேரும் முன் சத்துவாச்சாரிக்குப் போய்க் கும்பிட்டிருக்கலாம், சாமி அதே சாமிதானே. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக அந்தச் சாமியைக் கோட்டைக்குள்ளேயே பார்த்துப் பார்த்து, பழைய ஞாபகமும் அகழியைத் தாண்டி உள்ளே போய்விட்டிருக்கும். நான்கு பேர் முன்னால் தேதியைச் சொல்லி அவரை மடக்காதீர்கள். “அப்போ சத்துவாச்சாரியில் இருந்தாரே, அங்கே போனீங்களா ஐயா?” என்று கேட்டுப் பாருங்கள், அவருக்கே வேறு ஏதாவது நினைவுக்கு வரலாம்.

கேள்வி: வயது 24, காட்பாடியில் இருந்து வீட்டிலேயே கணினி வேலை. அம்மா நம்பர்கூட மனப்பாடமாகத் தெரியாது. போன வாரம் என்ன சாப்பிட்டேன், யாரிடம் பேசினேன் எதுவும் நினைவில்லை. உள்ளே காலியாகிவிட்ட மாதிரி இருக்கிறது. — ஒரு வாசகர்

பதில்: தம்பி, நம்பர் தெரியாதது பெரிய விஷயமில்லை, அம்மா நம்பரை மட்டும் இன்றைக்கே மனப்பாடம் செய்துவிடுங்கள், போன் தொலைந்தால் உதவும். போன வாரம் நினைவில்லாததற்குக் காரணம் மறதி இல்லை என்றே நினைக்கிறேன், ஒரு கண் திரையில் இருக்க சாப்பிட்டதும் பேசியதும் உள்ளே போகவே இல்லை. பதியாதது எப்படி நினைவுக்கு வரும்? ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே மாதிரி நாள் என்றால் ஏழு நாளும் ஒன்றாகக் குழம்பிவிடும். சாப்பிடும்போது போனை அடுத்த அறையில் வையுங்கள், சாயங்காலம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள், இரவு தூங்குங்கள், பகலில் பார்த்ததை மூளை கெட்டிப்படுத்துவது தூக்கத்தில்தான். காலியான உணர்வு இரண்டு வாரத்துக்கு மேலும் அப்படியே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அது மனச்சோர்வாகவும் இருக்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 78. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். மறதி நோய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். என்னை “அண்ணே” என்று கூப்பிடுகிறார். ஆனால் யார் செருப்பு, யார் பை கையில் கிடைத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்து, “இது ஆட்டுத்தோல்” என்று சரியாகச் சொல்லிவிடுகிறார். பெற்ற மகனைத் தெரியாதவர், செருப்பைத் தெரிந்தவர். இவர் என் அப்பாதானா என்று சில ராத்திரி தோன்றுகிறது. தங்கச்சி, “நான் யாருன்னு சொல்லுப்பா” என்று தினமும் கேட்டு அழுகிறாள். — ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: ராத்திரியில் அப்படித் தோன்றுவதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள், பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் தோன்றுவதுதான்.

கையின் ஞாபகம் வேறு, சம்பவங்களின் ஞாபகம் வேறு. ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953இல் செய்த அறுவையில் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாக நடந்தது எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்கிற உளவியலாளர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது, முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியவில்லை. உங்கள் அப்பாவின் விரலும் அப்படித்தான், தோலை மறக்க அதற்கு இன்னும் நாள் ஆகும்.

“அண்ணே” என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த நோயில் பெரும்பாலும் புதிய ஞாபகம் முதலில் போகிறது, பழையது பிந்திப் போகிறது. அவர் மனதில் இப்போது வயது முப்பதோ முப்பத்தைந்தோ இருக்கலாம், அப்போது அவர் மகன் அரை டிராயர் போட்ட பையன். எதிரில் குடும்ப ஜாடையோடு நரைத்த மீசைக்காரர் ஒருவர் பாசமாக வந்து நின்றால் அவர் வேறு யாராக இருக்க முடியும்? உங்களைத் தெரியாமல் கூப்பிடவில்லை, தனக்கு வேண்டியவர் என்று தெரிந்துதான் கூப்பிடுகிறார். உங்கள் பெரியப்பாவை அவருக்கு ரொம்பப் பிடிக்குமா என்று வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது கேளுங்கள்.

நினைவு போனால் ஆளே போய்விடுகிறாரா என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில் கனடாவில் இருந்த ஒருவருடையது, ஆய்வுகளில் அவரை கே.சி. என்றே எழுதுவார்கள். 1981இல் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட அவரால் மனக்கண்ணில் கொண்டுவர முடியாமல் போனது. ஆனால் நீங்கள் எப்படிப்பட்டவர், எந்தெந்தக் குணம் உங்களுக்கு உண்டு என்று எண்டெல் டல்விங் என்கிற உளவியலாளர் கேட்டபோது அவர் சொன்னதும், அவருடைய அம்மா மகனைப் பற்றிச் சொன்னதும் நன்றாகவே ஒத்துப்போயின. சம்பவம் ஒன்றுகூட இல்லாமலே தன்னைத் தெரிந்துவைத்திருந்தார். நோயாளிகளின் குடும்பத்தாரிடம் கேட்டுச் செய்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றிலும், இவர் பழைய ஆளே இல்லை என்று வீட்டார் நினைப்பதற்கு நினைவு போவதைவிட, இரக்கம், நேர்மை போன்ற குணங்கள் மாறுவதுதான் பெரிய காரணமாக இருந்தது. உங்கள் அப்பா தனக்கு வேண்டியவரை வேண்டியவராகவே கூப்பிடுகிறார்.

தங்கையிடம் சொல்லுங்கள், “நான் யார்” என்று பரீட்சை வைக்க வேண்டாம். தப்பான பதில் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் வாடுவது அவருக்குத் தெரியும், ஏன் என்றுதான் தெரியாது. “நான் உன் பொண்ணு வந்திருக்கேன், காப்பி குடிக்கலாமா?” என்று உள்ளே வந்தால் போதும். தோல் துண்டுகள் சிலவற்றை, ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், செம்மறித்தோல் என்று ஒரு கூடையில் போட்டு அவர் பக்கத்தில் வையுங்கள், எது எது என்று கேளுங்கள், அந்தப் பரீட்சையில் அவர் ஜெயிப்பார். சட்டைப்பையில் பெயரும் உங்கள் போன் நம்பரும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும், ராத்திரியில் வாசல் கதவுக்கு அவர் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், ஆனால் அவரை மட்டும் உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது. நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023இல் வந்த கணக்கு சொல்கிறது, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். உங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில் இருக்கலாம், விசாரித்துப் பேசிப் பழகுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது சித்தப்பா பையனோ பக்கத்து வீட்டுக்காரரோ அவரோடு உட்காரட்டும், நீங்களும் தங்கையும் அந்த நேரத்தில் வெளியே போய்விட்டு வாருங்கள், அல்லது தூங்குங்கள்.