"எப்போதிலிருந்து இப்படி?" போன் கோளாறுகள்: கேள்வி-பதில்

போனைக் கண்ணாடி மேஜை மேல் வைத்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "எப்போதிலிருந்து இப்படி?" என்பதுதான். "திடீர்னு" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், முந்தின நாள் போட்ட அப்டேட், புதிதாக இறக்கிய ஆப், மாற்றிய சிம், நிரம்பி வழியும் ஸ்டோரேஜ் என்று ஏதாவது ஒன்று வெளியே வந்துவிடும். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் ரீசெட் போடுவது, அதாவது போனில் உள்ளதை எல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்குவது, கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமலே வீட்டை இடிப்பதற்குச் சமம். பழைய வண்ணாரப்பேட்டைக் கடையில் பல வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்கும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போன வாரம் ராத்திரி அப்டேட் போட்டேன் சார். மறுநாளிலிருந்து போன் தோசைக்கல் மாதிரி சுடுகிறது, மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. பழையபடி மாற்ற முடியுமா?
*தண்டையார்பேட்டை, இல்லத்தரசி*

அப்டேட்டுக்குப் பிறகு முதல் ஒன்றிரண்டு நாள் சுட்டால் நான் அதைக் கோளாறு என்றே எண்ணுவதில்லை. போனில் இருக்கும் ஆப்களை எல்லாம் புது சிஸ்டத்துக்கு ஏற்றபடி ஆண்ட்ராய்டு மறுபடி தயார் செய்யும். அந்த வேலையைப் பெரும்பாலும் போன் சும்மா கிடந்து சார்ஜ் ஏறும் நேரத்தில்தான் செய்யும். அதனால் இரண்டு ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தொடாமல் இருங்கள்.

நீங்கள் ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் செட்டிங்ஸில் பேட்டரி யூசேஜ் பகுதியைத் திறந்து, மேலே நிற்கும் ஆப் எது என்று பாருங்கள். பழைய சிஸ்டத்தை மனதில் வைத்து எழுதிய ஆப், புதியதில் ஒரு வேலையை முடிக்க முடியாமல் ராத்திரி பகலாக முயன்றுகொண்டே இருக்கலாம். அதை மட்டும் அப்டேட் செய்யுங்கள். கேட்காவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியைப் பல போன்கள் அடைத்தே வைத்திருக்கின்றன. வழி இருந்தாலும் போனில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும்.

தம்பியின் போன் லோகோ வரை வந்து அணைந்து, மறுபடி லோகோ வருகிறது. ஒரு கடையில் போர்டு போய்விட்டது என்றார்கள். இன்னொரு கடையில் ரீசெட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதில் இறந்துபோன அப்பாவின் போட்டோக்கள் இருக்கின்றன.
*வியாசர்பாடி, கல்லூரி மாணவி*

தங்கச்சி, முதலில் யாரிடமும் ரீசெட் போடக் கொடுக்காதீர்கள். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பது பூட்டிய நிலையில்தான் சேமிக்கப்படுகிறது. ரீசெட் போட்டதும் சாவியே அழிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கடைக்காரராலும் அந்தப் போட்டோக்களை எடுத்துத் தர முடியாது.

லோகோவில் சுற்றுவதெல்லாம் போர்டு கோளாறு அல்ல. 2020-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஏரியும் மலையுமாக அழகான ஒரு படம் கைமாறிக் கைமாறிப் பரவியது. ஆண்ட்ராய்டு 10 போன்கள் பலவற்றில் அதை வால்பேப்பராக வைத்தவுடன் திரை அணைந்து எரிந்து, போன் விடாமல் சுற்ற ஆரம்பித்தது. படத்தில் வைரஸ் எதுவும் இல்லை. வால்பேப்பர் எவ்வளவு வெளிச்சமானது என்று சிஸ்டம் ஒரு கணக்குப் போடும். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரை உள்ள 256 கட்டங்களில் ஒன்றில் போட்டு எண்ணும். அந்தப் படம் சேமிக்கப்பட்ட வண்ண முறை வேறு. அதனால் சில புள்ளிகளின் கணக்கு 255-ஐத் தாண்டியது. முட்டை அட்டையில் குழி தீர்ந்த பிறகு இன்னொரு முட்டையை வைக்கப் போன மாதிரி, இல்லாத கட்டத்தில் எழுதப் போய் திரையைக் கவனிக்கும் மென்பொருள் விழுந்தது. எழுந்ததும் அதே வால்பேப்பரைப் படித்தது, மறுபடி விழுந்தது. ஹார்டுவேரில் ஒரு கீறல்கூட இல்லை.

உங்கள் தம்பி போனும் இப்படி ஒரு சுழலில் மாட்டியிருக்கலாம். அதனால் இந்த வரிசையில் பாருங்கள். லோகோ வரும்போது வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் பல போன்கள் சேஃப் மோடில் திறக்கும். அதில் நாம் போட்ட ஆப்கள் எதுவும் ஓடாது. திறந்துவிட்டால் வேறு எதையும் தொடாமல் முதலில் போட்டோக்களை கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். அடுத்து ஸ்டோரேஜ் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். என் கடைக்கு வரும் லோகோ கேஸ்களில் ஸ்டோரேஜ் நிரம்பிப் போனவையும் உண்டு. எழுத இடமில்லாமல் சிஸ்டம் தடுமாறும்.

இன்னொன்று. சிஸ்டம் பலமுறை விழுந்தால் ஆண்ட்ராய்டு தானாகவே சில அமைப்புகளை மாற்றிப் பார்க்கும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. எதுவும் பலிக்காவிட்டால் கடைசியில் ஒரு திரை வரும். "மறுபடி முயற்சி செய்" என்ற பொருளில் ஒரு வரியும் "ஃபேக்டரி டேட்டா ரீசெட்" என்று இன்னொரு வரியும் இருக்கும். முதல் வரியையே தேர்ந்தெடுங்கள். பதற்றத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரேம் கிளீனர் ஆப் போட்டால் ஹேங் ஆகாதா?
*கொருக்குப்பேட்டை*

வேண்டாம். நினைவகம் குறைந்தால் எந்த ஆப்பை மூடுவது என்பதை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும். கிளீனர் மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குத்தான் அதிக சார்ஜ் போகும். ஸ்டோரேஜில் பத்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள், அது போதும்.

டெலிவரி வேலை பார்க்கிறேன் அண்ணே. போன் பாக்கெட்டில் இருந்தால் ஆர்டர் மணி அடிப்பதில்லை. எடுத்துத் திறந்தால் மூன்று ஆர்டர் தவறிப்போயிருக்கிறது. ஆப் கம்பெனியைக் கேட்டால் உங்கள் போன்தான் பிரச்சினை என்கிறார்கள்.
*பெரம்பூர்*

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனசு கனக்கிறது தம்பி, ஒரு ஆர்டர் போவது என்பது அன்றைய வருமானம். காரணம் இதுதான்: போன் கொஞ்ச நேரம் தொடப்படாமல் இருந்தால் பின்னணி ஆப்களைத் தூங்க வைக்கும் முறை 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது. சார்ஜ் மிச்சமாக அது நல்ல ஏற்பாடு. ஆனால் சில தயாரிப்பாளர்கள் அதற்கு மேல் தங்கள் சொந்தக் கெடுபிடியையும் சேர்த்து, தேவையான ஆப்பையும் கொன்றுவிடுகிறார்கள். இது தவறு என்பதுதான் என் கருத்து.

டெலிவரி ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ போங்கள். பேட்டரி என்ற இடத்தில் "அன்ரிஸ்ட்ரிக்டட்" என்று மாற்றுங்கள். ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். பேட்டரி சேவரை வேலை நேரத்தில் அணைத்து வையுங்கள். பெரிய அப்டேட் வந்ததும் இவை பழையபடி மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

ஒரே நாளில் நான்கைந்து ஆப் திறந்ததும் மூடிக்கொள்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போட வேண்டுமா?
*மின்ட், அச்சகத் தொழிலாளி*

ஒன்று மூடினால் அந்த ஆப்பைச் சந்தேகப்படுங்கள். சேர்ந்து மூடினால், அவை எல்லாம் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒன்றைச் சந்தேகப்படுங்கள். 2021 மார்ச்சில் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் உலகம் முழுவதும் இப்படித்தான் விழுந்தன. ஆப்களுக்குள் வலைப்பக்கம் காட்ட உதவும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற பகுதியில்தான் பிழை இருந்தது. கூகுள் அதையும் குரோமையும் புதுப்பித்ததும் எல்லாம் எழுந்துகொண்டன. நீங்களும் பிளே ஸ்டோரில் முதலில் இந்த இரண்டையும் அப்டேட் செய்து பாருங்கள்.

அப்டேட் போட்டால் போன் கெட்டுவிடும், அதை நம்மைப் புது போன் வாங்க வைக்கத்தான் அனுப்புகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். போடலாமா ஐயா?
*திருவொற்றியூர், ஓய்வு பெற்றவர்*

போடுங்கள் ஐயா. ஆனால் எல்லா அப்டேட்டும் ஒன்றல்ல. மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் சின்னது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். 2015-இல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு எம்எம்எஸ் வந்தாலே, நாம் திறக்காமலே போனுக்குள் நுழைய முடியும் என்ற நிலை. அந்த ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதந்தோறும் ஓட்டைகளை அடைக்கத் தொடங்கியது.

ஆண்ட்ராய்டு எண்ணே மாறுகிற பெரிய அப்டேட்டுக்கு மட்டும் இரண்டு வாரம் பொறுங்கள். பெரிய கம்பெனிகளும் சறுக்கியிருக்கின்றன. 2014 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1 போட்டவர்களில் பலருக்கு சிக்னலே போய்விட்டது. சில மணி நேரத்தில் திரும்பப் பெற்று, மறுநாளே 8.0.2 கொடுத்தார்கள். இப்படி ஆகக் கூடாது என்றுதான் இப்போது முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புகிறார்கள்.

பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற பயமும் முன்பு மாதிரி தேவையில்லை. 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் இரட்டை இடம் என்ற முறை வந்தது. பழைய வீட்டைக் காலி செய்யாமலே பக்கத்து வீட்டில் சாமானை இறக்கி வைக்கிற மாதிரி, புது சிஸ்டம் தனி இடத்தில் எழுதப்படும். ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் குடி மாறும். புது வீடு திறக்கவில்லை என்றால் போன் பழைய வீட்டுக்கே வந்துவிடும். இப்போது வரும் போன்களில் பெரும்பாலும் இந்த முறைதான்.

ஏலம் நடக்கும் இடத்தில் போனை எடுத்தால் தானாகவே டைப் ஆகிறது. சாஃப்ட்வேர் ஏற்றினால் போகுமா?
*காசிமேடு, மீன் வியாபாரி*

போகாது என்று நினைக்கிறேன் அக்கா. செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற பகுதி திறக்கும். அதில் பாயிண்டர் லொக்கேஷன் என்பதை ஆன் செய்து, போனைத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். யாரும் தொடாமலே திரையில் கோடுகள் ஓடினால் டச் பாகம்தான் கெட்டிருக்கிறது. கோடு ஓடவில்லை என்றால் ஈரக் கையும் உப்புத் தண்ணீரும் செய்த வேலை, போனுக்கு ஒன்றுமில்லை. சார்ஜ் போடும் துளையில் பச்சையாகப் பூத்திருந்தால் ஊசியால் குத்தாமல் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

ஒரே ஒரு எழுத்தால் போன் செயலிழக்கும் என்பது உண்மையா?
*எர்ணாவூர், பிளஸ் டூ மாணவர்*

உண்மை. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு வந்தாலே ஐபோனில் அதைக் காட்டும் ஆப் விழுந்தது. அதே மாதம் ஐஓஎஸ் 11.2.6-இல் சரி செய்தார்கள். நம் "கொ" எழுத்தைப் பாருங்கள். சேமிக்கும்போது "க"வும் அதற்குப் பின் ஒரு குறியும்தான், வரையும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து "க"வின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்திய எழுத்துகளை வரைவது அவ்வளவு நுணுக்கமான வேலை. நம் மொழிகளைத் தெரிந்தவர்கள் சோதிக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன் அண்ணா. என் போனில், வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி மேலே வந்தால் நெட் வருவதில்லை. ஏரோபிளேன் மோட் போட்டு எடுத்தால்தான் வருகிறது. பீட்டா பதிப்பு போட்டால் சரியாகுமா? இதைக் கம்பெனிக்கு எழுதினால் யாராவது படிப்பார்களா?
*தண்டையார்பேட்டை*

பீட்டா என்பது சோதனைப் பதிப்பு, அதைத் தினமும் பயன்படுத்தும் போனில் போடாதீர்கள். அதிலிருந்து வெளியே வர பெரும்பாலும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியிருக்கும். கம்பெனிக்கு எழுதுங்கள், ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. "நெட் வரலை" என்றால் அதை வைத்து எந்த இன்ஜினியராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் தன் மேஜையில் அதே கோளாறை வரவழைத்துப் பார்க்க முடிந்தால்தான் சரி செய்வார்.

அதனால் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எத்தனை முறை இறங்கினீர்கள், அதில் எத்தனை முறை நெட் போனது, சிக்னல் கோடுகள் தெரிந்தனவா, 5ஜி என்று காட்டியதா 4ஜி என்று காட்டியதா. இரண்டு நாள் இரண்டாவது சிம்மை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு நாள் நெட்வொர்க்கை 4ஜியில் மட்டும் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் மாறியது என்று தெரியாது. அதே ஸ்டேஷனில் வேறு கம்பெனி போன் வைத்திருக்கும் நண்பருக்கும், அதே நெட்வொர்க் சிம்மில், நெட் போகிறதா என்று கேளுங்கள். போனால் கோளாறு நெட்வொர்க் பக்கம் இருக்கலாம்.

அப்புறம் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் டேக் பக் ரிப்போர்ட் இருக்கிறது, போன் உள்ளே என்ன செய்தது என்ற பதிவைக் கோப்பாக எடுத்துத் தரும். நெட் வராத அந்த நிமிடமே, ஏரோபிளேன் மோட் போடுவதற்கு முன்பே, அதை எடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் எடுத்தால் அந்த நேரத்துத் தடயம் அழிந்திருக்கும். அந்தக் கோப்பில் உங்கள் சொந்த விவரங்களும் இருக்கும் என்பதால் கம்பெனியின் கருத்துப் பகுதி வழியாக மட்டும் அனுப்புங்கள், பொது இடத்தில் ஏற்றாதீர்கள்.

பிறகு இப்படி எழுதுங்கள்: "சுரங்கத்தில் இருந்து மேலே வந்ததும் 4ஜி கோடுகள் முழுதாகத் தெரிகின்றன, ஆனால் டேட்டா வரவில்லை. இத்தனை முறை முயன்றதில் இத்தனை முறை. இரண்டாவது சிம்மை அணைத்தால் வருகிறது அல்லது வரவில்லை. இந்தத் தேதி அப்டேட்டுக்கு முன் இல்லை. பில்ட் எண் இது. ரிப்போர்ட் எடுத்த நேரம் மாலை 5.42." நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள். படிக்கிறவர் ஆயிரக்கணக்கான வரிகளில் முதலில் தேடப்போவது அதைத்தான்.