அக்கா மறுத்தால் விடுங்கள், அம்மாவிடமிருந்து தொடங்குங்கள்

அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய், டாக்டர் உங்களை பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை (மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்யச் சொல்கிறார், அக்காவோ "தெரிந்து என்ன ஆகப்போகிறது" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அக்காவை வற்புறுத்தாதீர்கள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமைதான்.

முதலில் அம்மாவுக்குச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். நோய் வந்தவரிடம் தேடுவதுதான் சரியான வரிசை. அவரிடம் அந்த மரபணு மாற்றம் இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50% வாய்ப்பு, தம்பி இருந்தால் அவருக்கும் சேர்த்து (ஆண்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்). அந்த மாற்றத்தை மட்டும் உங்களிடம் தேடினால் பதில் தெளிவாகக் கிடைக்கும். அம்மாவை விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் "இல்லை" என்று வந்தால், அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அப்புறம், "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்றும் அறிக்கை வரலாம், அதாவது மாற்றம் இருக்கிறது, அது ஆபத்தானதா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. மரபணுத் தரவுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால் மற்றவர்களுக்கு இது அதிகம் வருகிறது. எரிச்சலான விஷயம்தான். அதை மட்டும் வைத்து அறுவை சிகிச்சைக்குப் போகாதீர்கள். பின்னாளில் இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே மாற்றப்படுகின்றன.

காப்பீடு எடுக்கும் எண்ணமிருந்தால், மாதிரி கொடுக்கும் முன்பே மரபணு ஆலோசகரிடம் அதையும் கேளுங்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு.